சிறுநீரகம் செயலிழந்தால் என்ன செய்வது? டயலிசிஸும் மாற்றுச் சிகிச்சையும் பற்றிய ஓர் அறிமுகம்

ஜும்ஆத் தொழுகை முடிந்ததும் பள்ளிவாசல்களில் வாசிக்கப்படும் உதவிக் கடிதங்களை அவதானித்திருப்பீர்கள். ஒரு காலத்தில் குமர் காரியம், வீடு கட்டுதல், கடன் என்றிருந்த கோரிக்கைகளோடு இப்போது "இரண்டு சிறுநீரகங்களும் செயலிழந்த நிலையில்" என்று தொடங்கும் கடிதங்களும் சேர்ந்துகொண்டிருக்கின்றன. வட்ஸ்அப் குழுக்களிலும் அதே வாசகம்தான். எமது மக்கள் தாராள மனதுடன் கொடுக்கிறார்கள், அல்ஹம்துலில்லாஹ். ஆனால் கொடுப்பவருக்கும், பல வேளைகளில் கடிதத்தை எழுதிய குடும்பத்தாருக்குமே அந்த வாசகத்தின் பொருள் சரியாகத் தெரிவதில்லை. டயலிசிஸ் என்றால் மரணத்தின் வாசல் என்றும், சிறுநீரகம் மாற்றினால் பழையபடி பூரண சுகம் என்றும் எண்ணிக்கொள்கிறார்கள். இரண்டும் பிழையான எண்ணங்கள்.

சிறுநீரகங்கள் வயிற்றின் பின்புறத்தில், முதுகெலும்பின் இருபுறமும் அமைந்துள்ளன. கைமுஷ்டி அளவுள்ள இவை ஒவ்வொன்றிலும் ஏறத்தாழ பத்து லட்சம் நுண்ணிய வடிகட்டிகள் இருக்கின்றன. ஒரு நாளைக்குச் சுமார் 180 லீற்றர் திரவத்தை இவை வடிகட்டி, அதில் பெரும்பகுதியை மீண்டும் உடலுக்கே கொடுத்துவிட்டு, ஒன்றரை லீற்றர் அளவை மாத்திரம் சிறுநீராக வெளியேற்றுகின்றன. கழிவகற்றல் என்ற ஒரே வேலைதான் சிறுநீரகத்துக்கு என்று நினைத்துவிடக் கூடாது. இரத்த அழுத்தத்தைக் கட்டுப்படுத்துவதும், பொட்டாசியத்தின் அளவைப் பேணுவதும், சிவப்பணுக்களை உருவாக்கும்படி எலும்பு மச்சைக்கு உத்தரவிடும் ஹோர்மோனைச் சுரப்பதும், விற்றமின் டீ-யை உடல் பயன்படுத்தக்கூடிய வடிவத்துக்கு மாற்றுவதும் அதன் பணிகளே. சிறுநீரக நோயாளிக்கு ஏன் இரத்தச்சோகை வருகிறது, ஏன் எலும்பு வலிக்கிறது என்று கேட்பவர்களுக்கு விடை இதுதான்.

செயலிழப்பு இரண்டு விதமாக வரும். ஒன்று திடீரென, சில மணித்தியாலங்களில் அல்லது நாட்களில் ஏற்படுவது. எலிக்காய்ச்சல், கண்ணாடி விரியன் கடி, கடுமையான வயிற்றோட்டத்தால் உடல் நீர் வற்றுதல், பிரசவத்தின்போது அதிக இரத்தப்போக்கு போன்றவை இதற்குக் காரணமாகலாம். வயல் வேலை செய்யும் எமது சகோதரர்களுக்கு மழைக்காலக் காய்ச்சலோடு தசைவலி வந்து சிறுநீர் குறையுமாயின், பனடோல் போட்டுக்கொண்டு வீட்டில் படுத்திருப்பது ஆபத்தானது. இவ்வகையில் பலர் உரிய நேரத்தில் வைத்தியசாலைக்கு வந்தால் பூரணமாகக் குணமடைகிறார்கள். சில வாரங்கள் டயலிசிஸ் செய்து, பின்னர் அது தேவையற்றுப் போனவர்களும் உள்ளனர்.

மற்றையது நாட்பட்ட சிறுநீரக நோய். உதவிக் கடிதங்களில் பெரும்பாலும் வருவது இதுதான். இதன் கொடுமை என்னவென்றால், இது வலிப்பதில்லை. சிறுநீரகத்தின் பாதிக்கு மேற்பட்ட திறன் போன பின்னரும் மனிதர் கடைக்குப் போவார், கல்யாண வீட்டில் சஹன் சாப்பாட்டில் உட்காருவார். கால் வீக்கம், மூச்சிரைப்பு, பசியின்மை, உடலரிப்பு, இரவில் பலமுறை சிறுநீர் கழித்தல், சிறுநீரில் கலையாத நுரை ஆகியவை வெளியே தெரியும்போது பலருக்கும் காலம் கடந்திருக்கும்.

இதனை ஓர் எண்ணால் அளக்கிறார்கள். இரத்தத்தில் உள்ள கிரியட்டினினை அளந்து, வயதையும் பாலையும் சேர்த்துக் கணித்துப் பெறும் ஈ.ஜி.எஃப்.ஆர் என்ற அளவு அது. 90 அல்லது அதற்கு மேல் இருப்பது நல்ல நிலை. 60க்குக் குறைவாக மூன்று மாதங்களுக்கு மேல் தொடர்ந்தால் நாட்பட்ட நோய். 30க்குக் கீழே போனால் நான்காம் கட்டம், 15க்குக் கீழே ஐந்தாம் கட்டம். அந்த ஐந்தாம் கட்டத்தைத்தான் "செயலிழந்துவிட்டது" என்று பொதுவாகச் சொல்கிறார்கள். ஆனால் ரிப்போட்டில் கிரியட்டினின் மட்டும் பார்த்து "நோமல்" என்று திருப்திப்படுவதும் போதாது. சிறுநீரில் அல்புமின் என்ற புரதம் கசிகிறதா என்பதையும் பார்க்க வேண்டும். நீரிழிவு உள்ளவர்களில் கிரியட்டினின் உயர்வதற்குப் பல வருடங்களுக்கு முன்பே இந்தக் கசிவு தொடங்கிவிடுவதுண்டு. பள்ளிக்கூட பாஷையில் சொன்னால், கிரியட்டினின் வருட இறுதிப் பரீட்சை. அல்புமின் முதலாம் தவணைப் பரீட்சை.

யாருக்கு வருகிறது?

சீனி வருத்தமும் பிரஷரும் முதல் இரண்டு காரணங்கள். இவ்விரண்டும் எமது சமூகத்தில் எந்த அளவுக்குப் பரவியுள்ளன என்பதற்குப் புள்ளிவிபரம் தேவையில்லை. எந்த வீட்டு அலுமாரியைத் திறந்தாலும் மாத்திரைப் பை இருக்கும். அந்த மாத்திரைகளை ஒழுங்காக எடுக்கிறோமா என்பதுதான் கேள்வி. "மாத்திரை குடித்தால் கிட்னி பழுதாகும்" என்ற பேச்சு ஊரெல்லாம் உண்டு. உண்மை இதற்கு நேர்மாறானது. அரச கிளினிக்குகளில் சாதாரணமாகக் கொடுக்கப்படும் லொசாட்டன், எனாலப்ரில் போன்ற பிரஷர் மருந்துகள், புரதம் கசியும் நோயாளிகளில் சிறுநீரகத்தின் தேய்வைத் தாமதப்படுத்துகின்றன. எம்பாகிளிஃப்லோசின், டபாகிளிஃப்லோசின் என்ற புதிய நீரிழிவு மருந்துகளுக்கும் அந்தப் பண்பு உண்டு. கட்டுப்பாடற்ற சீனியே சிறுநீரகத்தைக் கெடுக்கிறது.

சிறுநீரகத்தைக் கெடுக்கும் மாத்திரைகள் வேறு. முழங்கால் வலிக்கும் இடுப்பு வலிக்கும் பார்மசியில் துண்டில்லாமல் வாங்கி மாதக்கணக்கில் விழுங்கப்படும் டைக்ளோஃபெனக், இபுப்ரொஃபன் வகை வலிநிவாரணிகள் அவற்றில் முதன்மையானவை. என்ன கலந்திருக்கிறது என்று தெரியாத சூரணங்களும் அவ்வாறே. இன்னொன்றையும் சொல்ல வேண்டும்: சீனியைக் குறைக்கும் என்று நம்பி காமரங்காய், பிலிங்காய் ஆகியவற்றின் சாற்றை வெறும் வயிற்றில் குடிக்கும் பழக்கம். இவ்விரண்டிலும் ஒட்சலேற்று மிக அதிகம். அது சிறுநீரகத்தில் படிகமாகத் தேங்கி, நன்றாக இருந்தவரையே டயலிசிஸ் வரை கொண்டுசென்ற சம்பவங்கள் இலங்கை வைத்தியர்களால் பதிவுசெய்யப்பட்டுள்ளன. ஏற்கனவே சிறுநீரகம் பலவீனமானவர்களுக்கு காமரங்காய் மூளையையும் தாக்கும். விக்கலில் தொடங்கி வலிப்பு வரை போகலாம். வீட்டு முற்றத்து மரத்துக் காய்தானே என்று எண்ணுவது தவறு.

வடமத்திய மாகாணத்தின் கதை தனி. 1990களிலிருந்து மதவாச்சி, பதவிய, மெதிரிகிரிய போன்ற பகுதிகளிலும் ஊவாவின் கிராந்துருகோட்டையிலும், நீரிழிவோ பிரஷரோ இல்லாத விவசாயிகள் சிறுநீரக நோயால் பாதிக்கப்பட்டு வருகின்றனர். நிலத்தடி நீரின் வன்மையும் புளோரைட்டும், விவசாய இரசாயனங்கள், வெயிலில் நீர் வற்றிய உடலோடு உழைத்தல் எனப் பல காரணங்கள் ஆராயப்பட்டும் ஒன்றை மட்டும் குற்றவாளியாக நிறுத்த முடியவில்லை. ஆகவேதான் அது இன்றும் "காரணம் அறியப்படாத" சிறுநீரக நோய் என்றே அழைக்கப்படுகின்றது. அப்பகுதிகளில் வாழும் எமது மக்கள், குடும்பத்தில் எவருக்கும் நோய் இல்லாவிட்டாலும், வருடம் ஒருமுறை இரத்தமும் சிறுநீரும் பரிசோதிப்பது அவசியம். ஏனையோர், குறிப்பாக 35 வயதைக் கடந்தவர்கள், தமது பிரதேச அரச வைத்தியசாலையின் ஆரோக்கிய வாழ்வு நிலையத்தில் இலவசமாகச் சீனியையும் பிரஷரையும் பார்த்துக்கொள்ளலாம். அங்கே வரிசையில் பெண்களைத்தான் காண முடிகிறது. எமது ஆண்கள் ஏன் வருவதில்லை என்பது தனிக் கட்டுரைக்குரிய விடயம்.

டயலிசிஸ்: பயமும் தாமதமும்

ஐந்தாம் கட்டத்தை அடைந்தவருக்கு முன்னால் மூன்று வழிகள் உள்ளன: டயலிசிஸ், சிறுநீரக மாற்றுச் சிகிச்சை, இவ்விரண்டும் இல்லாமல் வேதனையைக் குறைக்கும் பராமரிப்பு.

ஹெமோடயலிசிஸ் என்பது இரத்தத்தை உடலுக்கு வெளியே எடுத்து, இயந்திரத்திலுள்ள வடிகட்டியினூடாகச் செலுத்தி, மீண்டும் உடலுக்கு அனுப்புவதாகும். வாரத்துக்கு மூன்று தடவை, ஒவ்வொன்றும் நான்கு மணித்தியாலம் என்பது பொது நியமம். எமது அரச வைத்தியசாலைகளில் நோயாளர் தொகைக்கு இயந்திரங்கள் போதாமையால் பலருக்கு இரண்டு தடவையே கிடைக்கிறது. ஒரு தடவைக்கு மட்டும் சுமார் 120 லீற்றர் விசேடமாகச் சுத்திகரிக்கப்பட்ட நீர் தேவைப்படுகிறது. ஊருக்கு ஓர் இயந்திரத்தை அன்பளிப்புச் செய்துவிட்டால் போதும் என்று எண்ணும் தனவந்தர்கள் இதைக் கவனிக்க வேண்டும். இயந்திரத்தை விட நீர்ச் சுத்திகரிப்புத் தொகுதியும், பயிற்றப்பட்ட தாதியரும், மாதாமாதம் வரவேண்டிய வடிகட்டிகளுமே கடினமான பகுதி.

இவ்வளவு இரத்தத்தை வெளியே எடுக்க சாதாரண நரம்பு தாங்காது. கையில் நாடியையும் நாளத்தையும் இணைத்துச் சிறு சத்திரசிகிச்சை செய்து "பிஸ்டியூலா" ஒன்றை அமைப்பார்கள். அது பழுத்துப் பயன்பாட்டுக்கு வர ஆறு வாரம் முதல் மூன்று மாதம் வரை ஆகும். இந்த இடத்தில்தான் எமது குடும்பங்கள் பெரும்பாலும் தவறுகின்றன. நான்காம் கட்டத்திலேயே வைத்தியர் "கையில் ஒப்பரேஷன் ஒன்று செய்துவைப்போம்" என்று சொல்லும்போது, "இப்ப நல்லாத்தானே இருக்கிறார்" என்று வீட்டுக்கு அழைத்துச் சென்றுவிடுகிறார்கள். சிலர் நாட்டு மருந்தைத் தேடி மாவட்டம் மாவட்டமாக அலைகிறார்கள். இறுதியில் நுரையீரலில் நீர் கோத்து, மூச்சு முட்டி, நள்ளிரவில் அவசர சிகிச்சைப் பிரிவுக்குக் கொண்டுவரப்படுகிறார். அப்போது கழுத்தில் குழாய் போட்டு டயலிசிஸ் செய்வதைத் தவிர வேறு வழியில்லை. அந்தக் குழாய் வழியே கிருமி தொற்றி இரத்தத்தில் கலப்பது பெரும் ஆபத்து. "டயலிசிஸ் தொடங்கினார், ஒரு மாதத்தில் மௌத்தாகிவிட்டார்" என்று ஊரில் சொல்லப்படும் கதைகளில் பலவற்றின் பின்னால் இருப்பது இந்தத் தாமதமே. காலத்தோடு ஆயத்தமாகி டயலிசிஸைத் தொடங்கியவர்கள் வருடக்கணக்கில் வாழ்கிறார்கள், தொழில் செய்கிறார்கள்.

பிஸ்டியூலா அமைத்த கையில் பிரஷர் பார்க்கவோ, இரத்தம் எடுக்கவோ இடமளிக்கக் கூடாது. அந்தக் கையால் பாரம் தூக்கக் கூடாது, அதன் மேல் தலைவைத்து உறங்கவும் கூடாது. அதில் விரல் வைத்தால் உணரப்படும் அதிர்வு நின்றுவிட்டால் அன்றே வைத்தியசாலைக்குச் செல்ல வேண்டும். டயலிசிஸ் தொடங்குமுன் ஹெபடைட்டிஸ் பி தடுப்பூசியையும் போட்டுக்கொள்ள வேண்டும்.

வயிற்றின் வழியே செய்யும் டயலிசிஸ் பற்றி எமது மக்கள் அவ்வளவாக அறிந்திருக்கவில்லை. வயிற்றறையைச் சூழ்ந்துள்ள மென்சவ்வே இங்கு வடிகட்டியாகிறது. வயிற்றில் நிரந்தரமாகப் பொருத்தப்படும் மெல்லிய குழாய் வழியே சுமார் இரண்டு லீற்றர் திரவத்தை உள்ளே விட்டு, சில மணித்தியாலங்களின் பின் வெளியேற்றிப் புதிதாக நிரப்ப வேண்டும். பொதுவாக நாளொன்றுக்கு நான்கு தடவை. வீட்டிலேயே செய்யலாம், டயலிசிஸ் நிலையத்திலிருந்து தூரத்தில் வாழ்பவருக்கும், தொழிலைக் கைவிட முடியாதவருக்கும் இது பெரும் வாய்ப்பு. ஆனால் கை கழுவுதலில் ஒரு சிறு அலட்சியமும் வயிற்றறையில் கிருமியைச் சேர்த்துவிடும். வெளியே வரும் திரவம் கலங்கலாகத் தெரிந்தால் அதுவே அபாய அறிவிப்பு. சுத்தமான ஓர் அறையும், பொறுப்பான ஒருவரும் வீட்டில் இருந்தால் மாத்திரமே இது சரிவரும்.

உணவுக் கட்டுப்பாடு எமது பழக்கங்களோடு நேரடியாக மோதும் இடமும் உண்டு. சிறுநீரகம் இயங்காதவரின் உடலில் பொட்டாசியம் தேங்கினால் இதயம் திடீரென நின்றுவிடக்கூடும். பேரீச்சம்பழம், வாழைப்பழம், தம்பிலி, இளநீர் யாவும் பொட்டாசியம் நிறைந்தவை. நோயாளியைப் பார்க்கப் போகும்போது நாம் பையில் கொண்டுபோவதும் பெரும்பாலும் இவற்றைத்தான். கருவாடு, மாசி, அச்சாறு ஆகியவற்றின் உப்பு தாகத்தைக் கூட்டும். தாகம் நீரைக் குடிக்க வைக்கும். வெளியேற வழியற்ற நீர் நுரையீரலில் தேங்கும்.

சிறுநீரக மாற்றுச் சிகிச்சை

தகுதியானவர்களுக்கு இதுவே மிகச் சிறந்த வழி. இலங்கையில் 1980களின் நடுப்பகுதியிலிருந்து இது செய்யப்பட்டு வருகின்றது. அதன் முன்னோடிகளில் ஒருவர் எமது சமூகத்தைச் சேர்ந்த பேராசிரியர் ரெஸ்வி ஷெரீஃப் என்பது நினைவுகூரத்தக்கது. இன்று மாளிகாவத்தையிலுள்ள தேசிய சிறுநீரக நிறுவனம், கண்டி தேசிய வைத்தியசாலை போன்ற அரச நிலையங்களில் இது இலவசமாகச் செய்யப்படுகின்றது. தனியார் வைத்தியசாலையில் பல லட்சம் ரூபாய்க்கு நிதி திரட்டத் தொடங்குமுன், அரச நிலையத்தில் பதிவு செய்தாயிற்றா என்று ஜமாஅத் நிர்வாகிகள் கேட்பதில் தவறில்லை.

பழைய சிறுநீரகங்களைப் பெரும்பாலும் அகற்றுவதில்லை. புதியதை அடிவயிற்றின் ஒரு பக்கத்தில் பொருத்துகிறார்கள். அதன்பின் உடல் அதை அந்நியப் பொருளாகக் கருதித் தாக்காதிருக்க டெக்ரோலிமஸ், மைக்கோஃபெனோலேட், பிரெட்னிசொலோன் போன்ற மருந்துகளை, அந்தச் சிறுநீரகம் இயங்கும் காலம் முழுவதும், ஒரு வேளையும் தவறாமல் எடுக்க வேண்டும். நிதி திரட்டுவோர் மறந்துவிடும் செலவு இது. சத்திரசிகிச்சைக்குப் பணம் சேர்த்துக் கொடுத்துவிட்டு ஊர் கலைந்துவிடுகிறது. ஆறு மாதத்தில் மருந்து வாங்க வழியின்றி, பொருத்திய சிறுநீரகமே கைவிட்டுப் போகிறது. உயிரோடிருப்பவர் வழங்கிய சிறுநீரகம் சராசரியாக 15 முதல் 20 வருடங்கள் வரை இயங்கும். அது நின்றால் மீண்டும் டயலிசிஸ், அல்லது மீண்டும் ஒரு மாற்றுச் சிகிச்சை.

வழங்குபவரின் நிலை என்ன? முழுமையாகப் பரிசோதிக்கப்பட்ட ஆரோக்கியமான ஒருவர் ஒற்றைச் சிறுநீரகத்துடன் வழமையான வாழ்வை வாழலாம். திருமணம், பிள்ளைப்பேறு, உழைப்பு எதற்கும் தடையில்லை. எனினும் ஆபத்தே இல்லை என்று சொல்வது நேர்மையல்ல. பத்தாயிரம் பேரில் ஏறக்குறைய மூவர் சத்திரசிகிச்சையோடு தொடர்புபட்டு உயிரிழப்பதாக மருத்துவ உலகம் கணக்கிடுகிறது. பிற்காலத்தில் பிரஷர் வரும் வாய்ப்பும் சற்று அதிகம். இதையெல்லாம் விளங்கி, சுயவிருப்பத்தோடு வழங்க வேண்டும். எமது குடும்பங்களில் "உம்மா இருக்கிறாதானே", "மனைவி கொடுக்கட்டும்" என்று பெண்களின் வாயை அடைத்துவிடும் வழக்கம் இருக்கிறது. விருப்பமில்லாதவர் அதைத் தனியாக வைத்தியரிடம் சொல்லலாம். காரணத்தைக் குடும்பத்துக்கு வெளியிடாமல், "பொருந்தவில்லை" என்று மட்டும் அவர்கள் அறிவிப்பார்கள்.

மார்க்க ரீதியான ஐயம் பலருக்கு உண்டு. ஜித்தாவிலுள்ள சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் அகடமி 1988இல், உயிரோடிருப்பவரின் உறுப்பை, அவருக்கு அதனால் பாரிய தீங்கு நேராதெனில், இன்னொருவரின் உயிர்காக்க வழங்குவது ஆகும் என்றும், மரணித்தவரின் உறுப்பை அவரது முன்அனுமதியுடன் அல்லது வாரிசுகளின் அனுமதியுடன் எடுக்கலாம் என்றும் தீர்மானித்தது. உறுப்பை விற்பது கூடாது என்பதும் அத்தீர்மானத்தில் தெளிவாக உண்டு. இதற்கு மாற்றமான கருத்துடைய உலமாக்களும் உள்ளனர்; அக்கருத்தையும் மதிக்கிறோம். மூளைச்சாவை மரணமாகக் கொள்வதிலும் அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு நிலவுகிறது. ஜனாஸாவைத் தாமதமின்றி நல்லடக்கம் செய்யும் எமது கடமையும், கொவிட் காலத்தில் ஜனாஸாக்கள் எரிக்கப்பட்ட வடுவும் சேர்ந்து, வைத்தியசாலையில் உறுப்பு தானம் என்ற பேச்சை எடுத்தாலே எமது உறவினர்கள் பின்வாங்கச் செய்கின்றன. அந்தப் பயம் விளங்கிக்கொள்ளத்தக்கதே. ஆயினும் பிற சமூகத்தவரின் தானத்தால் எமது நோயாளர்களும் பயனடையும்போது, நாம் இதைப் பற்றிப் பேசவே மறுப்பது அழகல்ல. மஸ்ஜிதுகளில் உலமாக்களும் வைத்தியர்களும் ஒரே மேடையில் அமர்ந்து பேச வேண்டிய விடயம் இது.

விற்பனை குறித்துச் சட்டமும் தெளிவானது. 1987ஆம் ஆண்டின் 48ஆம் இலக்க மனித இழையங்கள் மாற்றீடு பற்றிய சட்டத்தின்படி உறுப்பை விற்பதும் வாங்குவதும் குற்றமாகும். இருந்தும் 2022இன் இறுதியில், கொழும்பின் ஏழைக் குடியிருப்பாளர்கள் பெருந்தொகை தருவதாகக் கூறிச் சிறுநீரகம் பெறப்பட்டு ஏமாற்றப்பட்டதாக முறைப்பாடுகள் வெளிவந்தன. "இரத்தப் பிரிவு ஓ பொசிட்டிவ், சிறுநீரகம் தேவை, தக்க சன்மானம் வழங்கப்படும்" என்ற வட்ஸ்அப் செய்தியை நல்லெண்ணத்தில் பகிர்பவர்கள், தாம் எந்தச் சந்தைக்கு விளம்பரம் செய்கிறோம் என்பதை யோசிக்க வேண்டும்.

நோன்பைப் பற்றி ஒரு வார்த்தை. டயலிசிஸ் செய்பவர்களையும், நான்காம் ஐந்தாம் கட்ட நோயாளர்களையும் மிக உயர்ந்த ஆபத்துடையோர் என்றே மருத்துவ வழிகாட்டல்கள் வகைப்படுத்துகின்றன. நோயாளிக்கான சலுகை அல்குர்ஆனிலேயே உள்ளது. குணமடையும் எதிர்பார்ப்பு இல்லாதவருக்கு ஃபித்யா உண்டு. சிறுநீரகம் மாற்றியவர் நோன்பு நோற்க விரும்பினால் ரமழானுக்கு இரண்டு மாதம் முன்னதாகவே தனது விசேட வைத்தியரைச் சந்தித்து, மருந்து நேரங்களைப் பற்றிக் கேட்டறிய வேண்டும். டெக்ரோலிமஸை வழமையாகப் பன்னிரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை எடுக்க வேண்டியிருப்பதால் ஸஹருக்கும் இஃப்தாருக்கும் தானாகவே மாற்றிக்கொள்வது ஆபத்தாகலாம்.

மூன்றாவது வழியைப் பற்றி எவரும் பேசுவதில்லை. வயது எண்பதைத் தாண்டி, இதயமும் பலவீனமாகி, படுக்கையிலிருக்கும் ஒருவருக்கு டயலிசிஸ் ஆயுளைக் கூட்டுவதை விட அலைச்சலைத்தான் கூட்டும் சந்தர்ப்பங்கள் உண்டு. அப்போது மூச்சிரைப்பு, அரிப்பு, குமட்டல், இரத்தச்சோகை ஆகியவற்றுக்கு மாத்திரம் மருந்து கொடுத்து, வீட்டில், பிள்ளைகளுக்கு நடுவில் வைத்துப் பராமரிக்கலாம். வைத்தியர் இதை எடுத்துச் சொன்னால் "கைவிட்டுவிட்டார்கள்" என்று கோபிக்க வேண்டியதில்லை. அந்தப் பெரியவருக்கு நினைவு தெளிவாக இருக்கும்போதே, அவருடைய விருப்பம் என்னவென்று மூத்த பிள்ளை பக்கத்தில் அமர்ந்து கேட்டுக்கொள்வது நல்லது. பெரும்பாலான வீடுகளில் அவரைத் தவிர மற்ற எல்லோரிடமும் கேட்டு முடிவெடுத்துவிடுகிறார்கள்.